கால் எட்டாத உயரம்

கயல், சதீஷ், இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள்.

போன வாரம் கயல் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னிடம் கேட்டாள்: "ஏம்பா, நீ திமிரு புடிச்ச மெக்கானிக்காமே? எங்க கிளாஸ் பொண்ணு சொல்லுது. அவங்க அப்பா சொன்னாராம்." நான் அப்போது ஒரு ஸ்கூட்டருக்கு பிரேக் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். கை முழுக்க கிரீஸ். இப்போது கையைக் கழுவிவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

ஆமாம், உங்கள் அப்பா திமிர் பிடித்த மெக்கானிக்தான். அந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நம் வீட்டு முன்னால் ஷெட்டில் பச்சை பெயிண்ட் அடித்து நிற்கிறதே லிஃப்ட் மேசை, அதைக் கட்டும்போது வந்தது. நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் கயல் திருத்தட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

1. குந்துகிற பலகை

நம் பக்கத்தில் வண்டி ரிப்பேர் என்பது தரையில் நடக்கிற வேலை. வில்லியனூரில் நான் தொழில் கற்ற பட்டறையிலும் அப்படித்தான். பண்டசோழநல்லூரில் நம் வீட்டு வாசலில் ஷெட் போட்ட பிறகும் அப்படித்தான். வண்டியை ஸ்டாண்ட் போட்டு நிறுத்துவேன். பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டுக் குந்துவேன். செயின், பிரேக், எஞ்சின் எல்லாம் முழங்காலுக்குக் கீழே இருக்கிற சாமான்கள். குந்தாமல் வேலை ஓடாது. என் பலகை வேப்பமரத்துப் பலகை. குந்திக் குந்தி நடுவில் பள்ளமே விழுந்துவிட்டது.

வண்டி கொண்டுவருகிறவர்கள் உட்கார ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அவர்கள் நாற்காலியில், நான் பலகையில். இதில் ஒரு பழக்கம் உண்டு. எங்கே சத்தம் வருகிறது, எங்கே ஆயில் ஒழுகுகிறது என்று காட்ட வேண்டுமானால், அவர்கள் குனிய மாட்டார்கள். காலை நீட்டுவார்கள். "தோ, இங்க பாரு" என்று செருப்பு முனையால் காட்டுவார்கள். அந்தக் கால் என் மூக்குக்கு முன்னால் வந்து நிற்கும். எல்லாரும் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று சொல்லமாட்டேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறவருக்குக் கையைவிடக் கால்தான் கிட்டே இருக்கிறது. ஆயுதபூசை அன்றைக்கு அதே வண்டிக்குச் சந்தனம் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். மறுநாள் மறுபடியும் கால்.

தனகோட்டி ஒருமுறை அப்படிக் காட்டும்போது அவர் செருப்பு என் காதில் பட்டது. "பட்டுட்ச்சா?" என்றார். அவ்வளவுதான். பேச்சு கார்புரேட்டருக்குப் போய்விட்டது.

தனகோட்டி யார் என்று உங்களுக்குத் தெரியும். கரையாம்புத்தூர் பக்கம் கரும்பும் நெல்லும் நிறைய வைத்திருக்கிறவர். என்னைவிட வயதில் சின்னவர். அவர் வீட்டு வண்டிகள், அவர் டிராக்டர் ஓட்டுகிறவர்களின் வண்டிகள், அவர் சொந்தக்காரர் வண்டிகள் எல்லாம் என்னிடம்தான் வந்துகொண்டிருந்தன. அதனால் எனக்கு அவர் முதலாளி. அவருக்கு நான் "டேய் முருகையா."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது என் முட்டி இரண்டும் விட்டுவிட்டன. குந்தினால் எழுந்திருக்க முடியாது. வண்டியில் கால் வைக்கிற புட்ரெஸ்டைப் பிடித்துத் தொங்கித்தான் எழுவேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "இனிமே குந்தவே கூடாதுங்க" என்றார். "சார், அதுதான் சார் என் வேலையே" என்றேன். அவர் நல்ல மனுஷன். சிரிக்காமல், "அப்போ வேலைய மாத்துங்க, இல்லன்னா வேல செய்யற விதத்த மாத்துங்க" என்றார்.

உங்கள் ஏழுமலை மாமா முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். "மாமா, எங்க கம்பெனில செக்யூரிட்டி வேல ஒண்ணு காலியா இருக்குது. நான் சொன்னா எடுத்துப்பாங்க. நீ குந்தவே வேணாம், நாற்காலி போட்டு உக்காந்துக்கினு கேட்ட தொறக்கறது, மூடறது, அவ்ளோதான்."

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு தொழில். எஞ்சின் சத்தத்தைக் கேட்டு எந்த வால்வு என்று சொல்கிற காதை வைத்துக்கொண்டு கேட் ஓரத்தில் போய் உட்காரவா? முடியாது என்றேன்.

2. சிமெண்ட் மேடை

உங்கள் அம்மாதான் முதலில் வழி சொன்னாள். தோசை சுட்டுக்கொண்டே சொன்னாள். "நான் குந்தி சமைச்சேன், முதுகு போச்சு. வூடு கட்டறப்போ மேடை கட்டினோம். இப்போ நின்னுதான சமைக்கறேன்? ஒனக்கும் ஒரு மேடை கட்டிக்கயேன்."

எனக்கு அப்போதே எழுந்து ஆட வேண்டும்போல் இருந்தது. முட்டி இடம் கொடுக்கவில்லை.

ஆனால் நான் செய்த காரியத்தைப் பாருங்கள். மேடை என்று அவள் சொன்னதும் எனக்கு சமையல் மேடைதான் கண்ணில் நின்றது. செங்கல் வாங்கி, கொத்தனாரை வைத்து, ஷெட்டுக்குள் இடுப்பு உயரத்துக்கு சிமெண்ட் மேடையே கட்டிவிட்டேன். வண்டி ஏற ஒரு சாய்வுப்பாதை. சாணி போட்டு மெழுகாததுதான் பாக்கி.

முதல் வண்டி மீன்காரி அஞ்சலையுடையது. பாகூருக்குக் கிழக்கே கடலோரத்திலிருந்து மொபெட்டில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு நம் ஊர்ப் பக்கம் வருகிற அம்மா. மேடையைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாண்ணே இது, வண்டிக்கு மணவறையா? தாலி எப்போ?"

"ஏத்து, ஏத்திப் பாரு."

ஏறவில்லை. பாதிச் சாய்வில் மொபெட் பின்னால் வழுக்கியது. நானும் அவளும் பிடித்தோம். மீன் தண்ணீர் என் சட்டை முழுக்க. அதற்குப் பிறகு வந்த ஒரு கனமான வண்டிக்கு மூன்று பேர் தள்ள வேண்டியிருந்தது. இறக்கும்போது அந்த மூன்று பேரையும் மறுபடி தேட வேண்டியிருந்தது. மழை பெய்து சாய்வு நனைந்த அன்று எனக்குப் புத்தி வந்தது. சம்மட்டி எடுத்து நானே இடித்தேன்.

ஏழுமலை மாமா அந்த நேரம் பார்த்து வந்தார். "கட்றதும் நீயே, இடிக்கறதும் நீயே. நல்ல பொழப்பு. கம்பெனில கேட்டுக்கினே இருக்காங்க, இன்னா சொல்ல?"

"வண்டி மேடை மேல ஏற மாட்டேங்குது மச்சான். அப்போ மேடைதான் கீழ வந்து வண்டிய ஏத்திக்கினு போவணும். அப்டி ஒண்ணு கட்டப்போறேன்னு சொல்லு."

"கம்பெனிலயா?"

"யாருகிட்ட வேணா சொல்லு."

3. ஜாக் தூக்கும், தாங்காது

பெரிய ஷோரூம்களில் காற்றழுத்தத்தில் ஏறுகிற லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். அதைப் போய்ப் பார்த்தேன். மூளையில் ஏற்றிக்கொண்டேன். வாங்கவில்லை.

பழைய இரும்புக் கடையில் கரும்பு ஏற்றுகிற டிரெய்லர் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதன் சேனல் இரும்பு துரு பிடித்திருந்தாலும் உள்ளே கெட்டி. டன் கணக்கில் கரும்பு சுமந்த இரும்பு ஒரு மோட்டார் சைக்கிளைச் சுமக்காதா? அதையே வாங்கினேன். மேலே போட, வழுக்காமல் இருக்கப் புள்ளி போட்ட இரும்புத் தகடு. கைப்பிடி அடித்தால் எண்ணெய் அழுத்தத்தில் உயருகிற பாட்டில் ஜாக் ஒன்று, லாரிக்காரர்கள் விட்டுப்போனது. வெல்டிங் செட் வாடகைக்கு. வில்லியனூர் லேத் பட்டறையில் புஷ்ஷும் ஷாப்ட்டும் கடைந்து வாங்கினேன்.

அமைப்பு எளிது. கீழே ஒரு சட்டம், மேலே ஒரு சட்டம். நடுவில் ஒரே நீளத்தில் நாலு கால். இரண்டு முனையிலும் புஷ் போட்டிருப்பதால் கால்கள் மடங்கிப் படுக்கும், நிமிரும். ஜாக் சாய்வாக நின்று கால்களைத் தள்ளும். கால்கள் நிமிர நிமிர மேசை மட்டமாகவே மேலே போகும். நாலு காலும் ஒரே நீளம் என்பதில் மட்டும் மயிரிழை பிசகக் கூடாது. பிசகினால் மேசை முறுக்கிக்கொள்ளும். நான் நாலையும் ஒன்றாகக் கட்டி வைத்துத் துளை போட்டேன்.

எல்லாம் முடித்து ஜாக்கை அடித்தேன். அசையவில்லை. அடிக்கிறேன், அடிக்கிறேன், கைப்பிடி சும்மா ஆடுகிறது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகுதான் புரிந்தது. பாட்டில் ஜாக்கைச் சாய்த்துப் படுக்க வைத்தால், பம்ப் பக்கம் அடியில் இருக்க வேண்டும். மேலே இருந்தால் எண்ணெயை இழுக்காமல் காற்றை இழுக்கும். ஜாக்கைப் புரட்டி மாட்டினேன். மேசை மெதுவாக, எருமை எழுந்திருப்பது மாதிரி, எழுந்தது.

முதலில் என் வண்டியையே ஏற்றினேன். மேலே நிறுத்திவிட்டு, பெருமையாகச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் மேசை முழங்கால் உயரத்தில் நிற்கிறது. ஜாக்கின் சீல் கசிந்து, நான் சோறு தின்கிற நேரத்தில் சத்தமில்லாமல் இறங்கியிருக்கிறது. அடியில் என் கை இருந்திருந்தால்?

அன்றே கீழ்ச் சட்டத்தில் வரிசையாகத் துளை போட்டு, டிராக்டரில் போடுகிற கனமான இரும்பு முளை, பின் என்பார்கள், ஒன்றை வாங்கி, காலுக்குப் பின்னால் செருகுகிற மாதிரி செய்தேன். ஜாக் தூக்கும். தாங்குவது பின். சதீஷ், இதை நன்றாக மனதில் வைத்துக்கொள். பின் போடாமல் மேசைக்கு அடியில் நீ கை வைத்ததை நான் பார்த்தேன் என்றால், அந்தக் கையில்தான் அடி விழும்.

முன் சக்கரம் உருளாமல் முட்டுக் கொடுக்கப் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. இடித்த மேடையின் அரைச் செங்கல் இரண்டை வைத்துக்கொண்டேன்.

4. நாற்காலி

தனகோட்டி புல்லட்டைக் கொண்டுவந்தார். வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்னாடா, புதுசா இன்னமோ வச்சிருக்க" என்றார். நான் வண்டியை மேசையில் ஏற்றிக் கட்டி, ஜாக் அடித்தேன். புல்லட் அவர் கண்ணுக்கு நேராக வந்தது. பிறகு தலைக்கு மேலே போயிற்று. பின்னைச் செருகினேன். நிமிர்ந்து நின்று எஞ்சினைப் பார்த்தேன். எத்தனையோ வருஷம் கழித்து, முதுகு நேராக, ஒரு எஞ்சினைப் பார்க்கிறேன்.

"செயின் பக்கம் ஒரு சத்தம்டா" என்று அவர் காலைத் தூக்கினார். கால் எட்டவில்லை. மேசை விளிம்புக்குக் கீழே காற்றில் நின்றது.

"ஏய், கீழ எறக்கு. உக்காந்து பாக்க முடில."

"எறக்க முடியாது முதலாளி. முட்டி போச்சி. இனிமே நின்னுதான் வேல."

"முட்டி போனா வேலய வுடு. கீழ வச்சி செய்யறவன் ஊருக்கு ஒருத்தன் இருக்கான்."

"எழுந்து வந்து பாருங்க. உள்ள வரைக்கும் நல்லா தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. "நீ நிக்கறதுக்கு நான் நிக்கணுமா?"

பல பேர் இந்த இடத்தில் சிரித்து மழுப்பிவிடுவார்கள். நானும் அதுவரை அப்படித்தான் இருந்தேன். அன்றைக்கு என் வாயில் வந்தது ஒரே சொல்.

"ஆமா."

வண்டியை இறக்கச் சொல்லி எடுத்துக்கொண்டு போனார். அவர் மட்டும் இல்லை. அவர் பக்கத்து வண்டிகள் ஒன்றும் அதற்குப் பிறகு வரவில்லை. அவருடைய டிராக்டர் டிரைவர் ஒருவர் வழியில் பார்த்து, "உன்னாண்ட வுடக் கூடாதுன்னு சொல்லிட்டாரு முருகையாண்ணே. திமிரு புடிச்சவனாம் நீ" என்று பாவமாகச் சொன்னார். கயல், உன் வகுப்புப் பெண் சொன்ன வார்த்தை அங்கேயிருந்துதான் கிளம்பியது.

உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "சரியாத்தான் சொன்ன" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஷெட்டு காலியா கீதே, அதுக்கு இன்னா சொல்லப்போற?" என்றாள். ஏழுமலை மாமா செக்யூரிட்டி சட்டை ஒன்றையே கொண்டுவந்து காட்டி, வைத்துவிட்டுப் போனார். நீல நிறம். தோளில் பட்டை எல்லாம் இருந்தது. அளவு சரியாக இருக்குமா என்று நான் பார்க்கக்கூட இல்லை. நாள் தவறாமல் காலையில் ஷெட்டைத் திறந்தேன். காலி மேசையை ஏற்றினேன், இறக்கினேன், புஷ்ஷுக்கு கிரீஸ் வைத்தேன். மூடினால் நான் தப்பு என்று ஆகிவிடும்.

5. அஞ்சலையின் விரல்

அப்படி ஒரு நாள் அஞ்சலை வந்தாள். "மணவறைய இடிச்சிட்டியாமே? கல்யாணம் நின்னுபோச்சா?" என்று கேட்டுக்கொண்டே மொபெட்டை நிறுத்தினாள். பெட்டியைக்கூட அவிழ்க்கவில்லை. அப்படியே ஏற்றினேன். மேசை மேலே போனதும் அவள் எதிர்ப்பக்கம் வந்து நின்றாள். குனிந்து அடியில் பார்த்தாள்.

"அய்யய்ய, எம்மாம் அழுக்கு! இத்த கட்டிக்கினா ஊரெல்லாம் சுத்தறேன்? தோ, இங்க இன்னாண்ணே வெடிச்சிக்கினு இருக்குது?"

விரலால் தொட்டுக் காட்டினாள். வஞ்சிர மீன் வாசனையோடு ஒரு விரல், சைலென்ஸர் தாங்கியில் இருந்த விரிசல் மேல். நான் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

"இத்தினி நாளா நீ கீழ குந்திக்கினு இன்னா பண்றன்னு எனக்குத் தெரியாது. கிட்ட வந்தா உன் தலைமேல நிக்கற மாதிரி இருக்கும். அதான் போயி அந்த மரத்தடில நிப்பேன். இப்போ சரியா கீது."

அவள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நம் பக்கத்தில் வண்டி ஓட்டுகிற பெண்கள் எத்தனை பேர்! அங்கன்வாடி டீச்சர், கம்பெனிக்குப் போகிற பெண்கள், நர்ஸம்மா. எல்லாரும் ரிப்பேர் முடிகிற வரைக்கும் தூரத்தில் எங்கேயோ நிற்பார்கள். சொன்னதை வாங்கிக்கொண்டு போவார்கள். இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, "அது எதுக்கு?", "இத ஏன் மாத்தணும்?" என்று கேட்டார்கள். நான் சொன்னேன். அஞ்சலை போகிற ஊரெல்லாம் மீனோடு இதையும் விற்றுவிட்டாள். அபிஷேகப்பாக்கத்திலிருந்துகூட ஸ்கூட்டர் வந்தது. நீலச் சட்டை மாமா வீட்டுக்கே திரும்பிப் போனது.

6. கரையாம்புத்தூர் ரோடு

இந்த வருஷம் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த சமயம். உச்சி வெயில். கரையாம்புத்தூரில் ஒரு சாமான் கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன். கரும்புக் கொல்லை ஓரத்தில் புல்லட்டும் தனகோட்டியும் நிற்கிறார்கள். செயின் அறுந்து தொங்குகிறது. நான் தாண்டிப் போயிருக்கலாம். மெக்கானிக் தாண்டிப் போகக் கூடாது. நிறுத்தினேன்.

"முருகையா, இங்கயே மாட்டி வுட்டுடேன்" என்றார்.

"குந்த முடியாது முதலாளி. பட்டறைக்குப் போனாத்தான்."

"இத்த எப்படிரா அவ்ளோ தூரம் தள்றது?"

"நீங்க ஏறி ஹேண்டில் புடிங்க. நான் கால் குடுக்கறேன்."

நின்றுபோன வண்டியை நம் ஊரில் எப்படிக் கொண்டுபோவோம் என்று உங்களுக்குத் தெரியும். பின்னால் வருகிறவன் தன் வண்டியை ஓட்டிக்கொண்டே, முன் வண்டியின் புட்ரெஸ்டில் காலை வைத்துத் தள்ள வேண்டும். வேறு வழி இல்லை. அவருக்கும் அது தெரியும். கொஞ்ச நேரம் கரும்பைப் பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார்.

நான் செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்தேன். கழற்றவில்லை. ரோடு கொதித்தது, அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நீங்களே புரிந்துகொள்வீர்கள். அவருடைய வண்டியின் மேல், அவருடைய காலுக்குப் பக்கத்தில், என் கால். அப்படியே ஊருக்குள் போனோம்.

டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். ஒருத்தர் கத்தினார்: "இன்னா தனகோட்டி, முருகையன் ஒதச்சிக்கினே இட்டுனு வரான்!"

"மூட்றா!" என்று முன்னாலிருந்து சத்தம் வந்தது. ஆனால் பின்னாலிருந்து பார்க்க, அவர் தோள் குலுங்கியது. சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

ஷெட்டில் வண்டியை மேசையில் ஏற்றினோம். அவர் கண் நாற்காலியைத் தேடியது. நாற்காலி மேல் மண்ணெண்ணெய் வாளி இருந்தது. அதை எடுக்க நான் போகவில்லை. ஜாக் அடித்து, பின் செருகினேன். அறுந்த செயினை இணைக்கிற லாக்கை மாட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்றிருந்தவர் பழக்க தோஷத்தில் வலது காலைத் தூக்கினார். கால் மேசைக் கம்பியில் இடித்துத் திரும்பியது. கையை நீட்டினார்.

"தோ, இங்க ஒரு சத்தம் வருதுப்பா. அத்தயும் பாத்துடு."

"பாக்கறேன்" என்றேன்.

மன்னிப்பு, சமாதானம் ஒன்றும் இல்லை. எனக்கு அது தேவையும் இல்லை. அவர் சொந்தக்காரர் சில பேர் இன்றைக்கும் என்னிடம் வருவதில்லை. வராதவர்கள் வராமலே இருக்கட்டும். மேசை இறங்காது.

நீங்கள் என் தொழிலுக்கு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, இதுதான் நான் கற்றது. உடம்பு முடியாது என்று சொல்லும்போது வேலையை விடச் சொல்ல நிறையப் பேர் வருவார்கள். வேலையை விடாதீர்கள். வேலையின் உயரத்தை மாற்றுங்கள். அப்படி மாற்றினால் சில பேருக்கு எழுந்து நிற்க வேண்டி வரும். அதற்காக நீங்கள் குனிய வேண்டாம். கயல், அந்தப் பெண் மறுபடி கேட்டால், "ஆமா, எங்க அப்பா அப்டித்தான்" என்று சொல். சொல்லிவிட்டு, "ஒங்க அப்பா வண்டிக்கு செயின் லூசா இருக்கான்னு பாக்கச் சொல்லு" என்று சேர்த்துக்கொள்.

அன்றைக்குத் தனகோட்டி செயின் மாட்டிய வண்டியை எடுத்துக்கொண்டு போனபோது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள், அம்மா நடவுக்குப் போயிருந்தாள். ஷெட்டில் நான் மட்டும். மூலையில் என் பழைய வேப்பம் பலகை சாய்ந்து கிடந்தது. எடுத்து, நடுப் பள்ளத்தைக் கட்டை விரலால் ஒரு தரம் துடைத்தேன். மேசை மேலேயே வைத்து, நின்றுகொண்டே, குறுக்கே சாய்வாக ரம்பம் போட்டு இரண்டு ஆப்பாக அறுத்தேன். முட்டுக்கு வைத்திருந்த அரைச் செங்கல்லைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, என் வண்டியை ஏற்றி, முன் சக்கரத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்தேன். ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.